மனிதரும் மனிதரல்லாத உயிர்களும்: இலக்கமுறைத் தொடர்பாடல் பற்றிய பல்துறை ஆய்வுகள் – ஒரு நோக்கு

முன்னுரை

ஞாயிறு, திங்கள், கடல், மரம், விலங்கு, புள் முதலியவற்றை முன்னிறுத்தி, அவை பேசுவன போலவும் கேட்பன போலவும் பாடுதலைச் செய்யுள் மரபாக ஏற்றுக்கொள்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். பிரிவாற்றாத தலைவி பறவையைத் தூது விடுத்தலும், நெய்தல் நிலத்து மாந்தர் கடலை நோக்கிப் புலம்புதலும் இம்மரபின்பாற் பட்டனவே. இங்குப் 'போல' என்னும் ஒரு சொல் பெரும்பொறுப்பைத் தாங்கி நிற்கின்றது. பறவை உண்மையிற் கேட்டதா, கேட்டதை விளங்கிக்கொண்டதா என்ற வினாவைப் புலவன் எழுப்புவதில்லை. எழுப்பவேண்டிய தேவையும் அவனுக்கில்லை. விஞ்ஞானிக்கோ அதுவே முதல் வினாவாகின்றது. 'பேசுவது போல' என்பதற்கும் 'பேசுகின்றது' என்பதற்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதே அவனது பணி.

அத்தூரத்தை அளப்பதற்குக் கணினியும் ஒலிப்பதிவுக் கருவிகளும் கடந்த அரைநூற்றாண்டில் எவ்வாறு பயன்பட்டு வந்துள்ளன என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் உயிர் எழுப்பும் ஒலியையோ செய்யும் அசைவையோ கருவியாற் பதிந்து, எண்களாக மாற்றி, கணினியாற் பகுத்தாய்தல் இவ்வாய்வின் ஒரு பாதி. கணினி வழங்கும் குறியையோ ஒலியையோ அவ்வுயிரின்முன் வைத்து, அது தரும் மறுமொழியை அளத்தல் மறு பாதி. இவ்விரண்டையும் சேர்த்தே இலக்கமுறைத் தொடர்பாடல் என ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். இத்துறையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் நோக்குதல் போதாது. "கிடைத்த மறுமொழி உண்மையில் யாருடையது?" என்ற வினாவுக்கு விடை காணும் முறைகளின் வரலாறாகவும் அதனைக் கொள்ளுதல் வேண்டும்.

குதிரை புகட்டிய பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பேர்லின் நகரில் வில்ஹெல்ம் வொன் ஒஸ்ரன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையொன்றை வளர்த்து வந்தார். கூட்டல், கழித்தல், நாட்காட்டி முதலியன பற்றிய வினாக்களுக்கு அக்குதிரை தன் குளம்பை உரிய தடவை தட்டி விடையளித்தது. 1904ஆம் ஆண்டில் உளவியலறிஞர் கார்ல் ஸ்ரும்ப் தலைமையிற் கூடிய குழுவொன்று ஆராய்ந்து, இதில் ஏமாற்று எதுவுமில்லை எனக் கூறிற்று. அக்கூற்று பிழையன்று, ஆசிரியர் எவரையும் ஏமாற்றவில்லை.

ஸ்ரும்பின் மாணவரான ஒஸ்கார் புங்ஸ்ற் பின்னர் வேறொரு வகையில் இதனை ஆராய்ந்தார். வினாவுவோனுக்கே விடை தெரியாதவாறு வினாக்களை அமைத்தார். வினாவுவோன் குதிரையின் பார்வைக்குப் புலப்படாதவாறும் செய்தார். இவ்விரு நிலைகளிலும் குதிரை பெரும்பாலும் தவறான விடைகளையே தந்தது. வினாவியவுடன் மனிதர் தலையைச் சற்றே தாழ்த்துகின்றனர். குளம்புத் தட்டல் சரியான எண்ணை எட்டியதும் தம்மை அறியாமலே மிகச் சிறிதளவு நிமிர்கின்றனர். குதிரை கணக்கைப் படிக்கவில்லை. மனிதரின் உடலைப் படித்தது. 1907ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு விலங்குளவியலின் அடிக்கற்களுள் ஒன்றாயிற்று.

இந்நிகழ்ச்சியில் இருவேறு உண்மைகள் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. மனிதன் தான் விரும்பும் விடையை விலங்கின் வாயில் வைத்துவிடக்கூடும் என்பது ஒன்று. நுண்ணிய குறிகளை உணரும் ஆற்றலில் அக்குதிரை அங்கிருந்த அறிஞர் அனைவரையும் விஞ்சி நின்றது என்பது மற்றொன்று. பிற்கால ஆய்வாளர் முதலாவதையே பெரிதும் அஞ்சினர். இரண்டாவதன் பெறுமதி காலந்தாழ்த்தே உணரப்பட்டது.

கணினி நடுநிலையாளனாதல்

மனிதக் குரங்கினங்களுக்கு மொழி கற்பிக்கும் முயற்சிகள் 1960களிலும் 1970களிலும் ஐக்கிய அமெரிக்காவிற் பெருகின. அலன் கார்ட்னர், பியற்றிஸ் கார்ட்னர் ஆகிய இருவரும் 1966ஆம் ஆண்டில் வாஷோ என்னும் சிம்பன்சிக்குச் செவிப்புலனற்றோரின் கைச்சைகை மொழியைக் கற்பிக்கத் தொடங்கினர். சைகை காட்டும் ஆசிரியரும் சைகையை விளங்கிக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளரும் ஒருவரே ஆகும்பொழுது, ஹான்ஸ் எழுப்பிய ஐயம் மீண்டும் தலைதூக்குதல் இயல்பே.

இவ்வையத்தைத் தவிர்க்கும் வழியொன்றை அற்லாண்டாவிலுள்ள யெர்க்ஸ் ஆய்வு நிலையத்திற் டுவேன் ரம்போவும் அவர்தம் குழுவினரும் கண்டனர். 1970களின் தொடக்கத்தில் உருவான லானா திட்டமே அது. லானா என்னும் இளஞ் சிம்பன்சியின் அறையில், சொல்லுக்கு ஒரு வடிவம் பொறித்த பொத்தான்களைக் கொண்ட பலகையொன்று பொருத்தப்பட்டது. அவ்வடிவங்கள் ஒன்பது அடிப்படைக் கோட்டுருக்களை வெவ்வேறாக இணைத்து ஆக்கப்பட்டவை. பொருள்களின் வகைக்கேற்பப் பின்னணி நிறமும் வேறுபட்டது. யெர்க்கிஷ் எனப்பட்ட இம்மொழியின் இலக்கணத்தை வகுத்தவர் ஏர்ன்ஸ்ற் வொன் கிளாசர்ஸ்பெல்ட் என்னும் மெய்யியலாளர். உளவியலாளர், மொழி ஆய்வாளர், கணினி நிரலாளர், பொறியியலாளர் ஆகியோர் ஒரே திட்டத்திற் கூடிப் பணியாற்றினர். பல்துறை ஆய்வு என்னும் சொல்லுக்கு இத்துறையில் இதனையே முதற் சிறந்த எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

பலகை கணினியொன்றுடன் இணைக்கப்பட்டிருந்தது. லானா அழுத்திய ஒவ்வொரு பொத்தானையும் அது இரவும் பகலும் பதிவுசெய்தது; தொடர் இலக்கணப்படி அமையின் கேட்ட உணவையோ இசையையோ வழங்கிற்று. கணினிக்குத் தலை தாழ்த்தவோ நிமிரவோ தெரியாது. ஆகவே ஹான்ஸ் பயன்படுத்திய குறி இங்குக் கிடைக்க வழியில்லை. மனிதர் தொடங்கிய தொடர் பிழையாயிருப்பின் அதனை அழித்துவிடவும் லானா கற்றுக்கொண்டது.

இதே காலத்திற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் ரெறஸ், நிம் என்னும் சிம்பன்சிக்குக் கைச்சைகை கற்பித்தார். நிம் பதினாறு சைகைகள் கொண்ட தொடரொன்றைக் கூட ஆக்கியது. ஆயினும் ஒளிப்பதிவுகளை மீண்டும் மீண்டும் பார்த்தபொழுது, அதன் சைகைகளுட் பல ஆசிரியர் சற்று முன்னர் காட்டியவற்றின் எதிரொலியே என்பது தெரியவந்தது. நீண்ட தொடர்களிலும் புதுப்பொருள் சேரவில்லை; உணவு வேண்டும் என்ற ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது. 1979ஆம் ஆண்டில் ரெறஸ் வெளியிட்ட இம்முடிவு இத்துறையையே உலுக்கிற்று. லானாவும் தப்பவில்லை. உணவு பெறும் பொருட்டுப் பொத்தான்களை வரிசையாக அழுத்துதலும் பொருளறிந்து பேசுதலும் ஒன்றாகா என்ற கண்டனம் எழுந்தது. மனிதனின் தூண்டுதலைக் கணினி அகற்றியது உண்மையே. பொருள் எங்கே உள்ளது என்பதை அது காட்டவில்லை.

1980ஆம் ஆண்டிற் பிறந்து 2025ஆம் ஆண்டில் இறந்த கன்சி என்னும் பொனொபோக் குரங்கு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தந்தது எனலாம். வளர்ப்புத் தாய்க்குப் பொத்தான் மொழி கற்பிக்கப்பட்டதைப் பார்த்திருந்தே அது அம்மொழியைக் கற்றது. சூ சவேஜ்-ரம்போவும் குழுவினரும் முன்பு கேட்டிராத 660 ஆங்கிலத் தொடர்களை அதனிடம் கூறிச் சோதித்தனர். சோதனையின் ஒரு பகுதியிற் பேசுவோர் கன்சியின் கண்ணுக்குப் புலப்படவில்லை. அருகிலிருந்தோர் தொடரைக் கேளாதவாறு செவிகளை மூடியிருந்தனர். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தொடர்களுக்கு அது பொருத்தமாகச் செயற்பட்டது. இங்குக் கிடைத்த நம்பிக்கைக்குக் காரணம் கருவியன்று, புங்ஸ்ற் வகுத்த அதே சோதனை ஒழுங்கே என்பது கவனித்தற்குரியது.

விலங்கின் மொழியிலே கேட்டல்

மேற்கூறிய முயற்சிகள் யாவும் மனிதன் ஆக்கிய மொழியை விலங்குக்குப் புகட்டியவை. விலங்கு தன்னினத்தோடு எவ்வாறு தொடர்புகொள்கின்றது என்று நோக்கியோர் வேறு வழியிற் சென்றனர். கென்யாவின் அம்போசெலியில் றொபேட் செய்பாத், டொறதி செனி, பீற்றர் மாளர் ஆகியோர் வெர்வெற் குரங்குகளிடம் நடத்திய ஆய்வு 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகிய மூன்று பகைகளுக்கும் அக்குரங்குகள் மூவேறு எச்சரிக்கை ஒலிகளை எழுப்புகின்றன. ஆய்வாளர் அவ்வொலிகளைப் பதிந்து, பகை எதுவும் இல்லாத வேளையில் மறைவான ஒலிபெருக்கியிலிருந்து எழுப்பினர். சிறுத்தை ஒலிக்குக் குரங்குகள் மரத்திலேறின. கழுகு ஒலிக்கு மேலே நோக்கின. பாம்பு ஒலிக்குக் கீழே நோக்கின. பகையே இல்லாதபொழுதும் ஒலி மட்டுமே தகுந்த செயலைத் தூண்டிற்று. பதிந்த ஒலியை மீண்டும் எழுப்பி மறுமொழியை அளக்கும் இம்முறை இன்றளவும் இத்துறையின் உரைகல்லாக விளங்குகின்றது.

அசைவைக் குறியாகக் கொண்ட உயிர்களிடத்தும் இம்முறை கையாளப்பட்டது. தேனீ தன் நடனத்தால் உணவிருக்கும் திசையையும் தொலைவையும் உணர்த்துகின்றது என்பதை நிறுவிய கார்ல் வொன் பிறிஷ் 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். அக்கருத்தை ஐயுற்றோரும் இருந்தனர். தேனீக்கள் மணத்தையே பின்பற்றுகின்றன என்பது அவர்தம் வாதம். 1980களின் பிற்பகுதியில் டென்மார்க்கைச் சேர்ந்த அக்செல் மிக்கல்செனும் குழுவினரும் கணினியால் இயங்கும் செயற்கைத் தேனீயொன்றைப் பித்தளையிற் செய்து, மெழுகு பூசி, கூட்டினுள் ஆடவிட்டனர். கணினி குறித்த திசையிலே தேனீக்கள் சென்று தேடின. ஆயினும் உயிருள்ள தேனீயின் ஆட்டம் அனுப்பும் அளவுக்கு அவை திரளாகச் செல்லவில்லை. குறியின் சாரத்தை மனிதன் பிடித்துவிட்டான். அதன் நிறைவை இன்னும் எட்டவில்லை என்பதையே இது காட்டிற்று.

கற்கும் கணினியும் அதன் எல்லையும்

அண்மைக் காலத்தில் தாமாகவே ஒழுங்குகளைக் கண்டறியக் கற்கும் கணினி முறைகள் இத்துறையிற் பெருமாற்றத்தை ஏற்படுத்தியுள்ளன. ஓர் ஆய்வாளர் வாழ்நாள் முழுவதும் கேட்டும் முடிக்கவியலாத பதிவுகளைக் கணினி குறுகிய காலத்திற் பகுத்துவிடுகின்றது.

ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் தமக்குள்ளே தொடர்புகொள்ளும்பொழுது 'கோடா' எனப்படும் சொடுக்கொலித் தொடர்களை எழுப்புகின்றன. எமது கடல்களிலும் காணப்படும் இத்திமிங்கிலங்களை, ஹால் வைற்ஹெட் முதலானோர் 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்னும் பாய்க்கப்பலிலிருந்து இலங்கைக் கரையோரத்தில் ஆராய்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. கரிபியன் கடலிலுள்ள டொமினிக்காத் தீவுக்கு அப்பால் 2005ஆம் ஆண்டு முதல் ஷேன் ஜெறோ இவற்றைக் குடும்பம் குடும்பமாக அடையாளங்கண்டு பதிந்து வந்தார். 2020ஆம் ஆண்டில் டேவிட் குறூபர் தொடக்கிய சீற்றித் திட்டத்தினர் அப்பதிவுகளைக் கணினி கொண்டு ஆராய்ந்தனர். 2024ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 8,719 கோடாக்களில் 18 தாளவகைகளும் 5 கதிவேறுபாடுகளும் உள்ளன. இவற்றோடு, உடன் உரையாடும் திமிங்கிலத்துக்கேற்பக் கால அளவைச் சிறிது நீட்டுதலும் குறுக்குதலும், இடையிடையே மிகைச் சொடுக்கொன்றைச் சேர்த்தலும் காணப்பட்டன. சில கூறுகள் பலவாறு இணைந்து பெருந்தொகையான வடிவங்களை ஆக்குகின்றன என்பது மொழியியலாளருக்குப் பழக்கமான கருத்தே. எனினும் தமிழ் அறியாத ஒருவர் தமிழ்ச் செய்யுளின் சீரையும் தளையையும் எண்ணிப் பட்டியலிட்டாலும் செய்யுளின் பொருளை உணர்ந்தவராகார். அந்நிலையே இங்கும்.

பொருளை அணுகுவதற்கு ஒலிக்கு அப்பாலும் செல்லவேண்டும். யானை ஆய்வுகள் இதற்குச் சான்று பகரும். கேற்றி பெய்ன் என்னும் இசையறிந்த ஆய்வாளர் 1984ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலையொன்றில் ஆசிய யானைகளின் அருகே காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் தொடர்புகொள்கின்றன என்பது பின்னர் பதிவுக் கருவிகளால் உறுதியாயிற்று. 2024ஆம் ஆண்டில் மைக்கேல் பார்டோ முதலானோர் கென்யாவின் ஆபிரிக்க யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற ஒலியால் விளிக்கின்றன என்ற முடிவை வெளியிட்டனர். 469 ஒலிகளைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி, ஒலியை மட்டும் வைத்து அது எந்த யானையை நோக்கி எழுப்பப்பட்டது என்பதை 27.5 சதவீதம் சரியாகக் கூறிற்று. தற்செயலாகக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 8 சதவீதமே.

கணினி கூறியதோடு ஆய்வாளர் அமையவில்லை. 17 யானைகளிடம் சென்று, அவ்வவற்றை விளித்த ஒலியையும், அதே யானை வேறொன்றை விளித்த ஒலியையும் ஒலிபெருக்கியில் எழுப்பினர். தம்மை விளித்த ஒலிக்கு யானைகள் விரைந்து நெருங்கின. எந்த யானை எந்த யானைக்கு உறவு, எது எதனை நோக்கிக் குரல் கொடுத்தது என்பவற்றைப் பல்லாண்டுகள் குறித்து வைத்த கள ஆய்வாளர் இல்லையேல் கணினிக்குக் கற்பதற்கு எதுவுமே இருந்திராது. இன்றும் அவ்வொலியில் பெயர் எப்பகுதி என்பதை எவரும் பிரித்துக் காட்டவில்லை. பல்துறை ஒத்துழைப்பு இத்துறைக்கு அலங்காரமன்று. ஒரு துறையின் குறையை மற்றொரு துறையே காட்டித்தர வேண்டியுள்ளது.

மறுமொழி கூறத் தொடங்கும்பொழுது

கேட்டலிலிருந்து பேசுதலுக்குச் செல்லும்பொழுது புதிய பொறுப்பொன்று எழுகின்றது. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலிற் பிறெண்டா மக்கோவனும் குழுவினரும் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் அழைப்பொலியொன்றை நீரினுள் ஒலிபரப்பினர். ட்வெயின் எனப் பெயரிடப்பட்ட திமிங்கிலமொன்று படகை அணுகி, ஏறத்தாழ இருபது நிமிடங்களாக 36 ஒலிபரப்புகளுக்கு மறுமொழி தந்தது. தொடக்கத்தில் ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் அது ஒத்திசையச் செய்தது. பின்னர் கிளர்ச்சியுற்றது, இறுதியில் விலகிச் சென்றது.

இதனை 'மனிதரும் திமிங்கிலமும் உரையாடினர்' எனக் கொண்டாடியோர் பலர். அவ்விருபது நிமிடங்களும் ஒரே அழைப்பே திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் எம்மை 36 தடவை அழைத்துவிட்டு அழைத்த காரணத்தைக் கூறாதிருப்பின் நாமும் விலகியே செல்வோம். ஆய்வாளர்தாமே அதன் கிளர்ச்சியையும் விலகலையும் மறைக்காது பதிவுசெய்துள்ளமை பாராட்டுக்குரியது. விலங்கு உரையாடலை முறித்துக்கொள்வதும் ஒரு மறுமொழியே. அதனையும் தரவாகக் கொள்ளும் ஆய்வே நம்பத்தக்கது.

எமது நாட்டில் இவ்வினா வெறும் அறிவாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. யானைக்கும் மனிதருக்கும் இடையிலான மோதலில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும் பெருந்தொகையான மனிதரும் உயிரிழக்கின்றமை யாவரும் அறிந்ததே. லூசி கிங், ஷெர்மின் டி சில்வா முதலானோர் உடவளவையில் வாழும் காட்டு யானைகளுக்குச் சீற்றமுற்ற தேனீக்களின் ஒலிப்பதிவை எழுப்பிச் சோதித்து, 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். யானைகள் அவ்வொலியிலிருந்து விலகிச் சென்றன. பட்டாசும் துப்பாக்கியும் இன்றி யானைக்கு 'இங்கு வராதே' என்று அதற்குப் புரிந்த குறியால் உணர்த்த இயலும் என்பதை இது காட்டுகின்றது.

எனினும் ஒலியின் பின்னே தேனீ இல்லையெனின் அச்செய்தி பொய்யாகின்றது. கொட்டாத தேனீயின் ஒலியை நாள்தோறும் கேட்கும் யானை நாளடைவில் அதனைப் பொருட்படுத்தாது விடும். பொய்யுரைப்போன் சொல்லை அயலார் புறக்கணிப்பது போன்றதே இது. கிங் ஆபிரிக்காவில் வளர்த்தெடுத்த தேன்கூட்டு வேலியில் உண்மையான தேனீக்களே உறைகின்றன. அங்கு எச்சரிக்கையும் மெய், கொட்டுதலும் மெய். வெர்வெற் குரங்கின் எச்சரிக்கை ஒலி பொருளுடையதாய் நிற்பதும் சிறுத்தை உண்மையிலே வருவதனாலேயே.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வாய்வு வரலாறு மூன்று படிகளைக் காட்டுகின்றது. மனிதனின் தூண்டுதலை அகற்றுவதற்கு முதலிற் சோதனை ஒழுங்கும் பின்னர் கணினியும் உதவின. ஒலிமீட்டல், குறியின் பொருளை விலங்கின் செயலிலே தேடக் கற்பித்தது. கற்கும் கணினி மனிதச் செவிக்கும் பொறுமைக்கும் எட்டாத ஒழுங்குகளைப் புலப்படுத்திற்று. எனினும் ஒவ்வொரு படியிலும் புங்ஸ்றின் வினா புதுவடிவிலே திரும்பி வருகின்றது. மனிதனின் விருப்பத்தைப் படித்து விடையளித்தது அன்று ஒரு குதிரை. மனிதன் தந்த தரவுகளிலிருந்து மனிதன் எதிர்பார்க்கும் ஒழுங்கையே கண்டு தரக்கூடியது இன்று ஒரு கணினி. ஆதலின் கணினி தரும் விடையையும் ஹான்ஸைச் சோதித்தது போன்றே சோதித்தல் வேண்டும்.

திமிங்கிலத்தின் சொல்லைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துத் தரும் கருவியொன்று விரைவில் வரும் என்ற எதிர்பார்ப்பு பலரிடமும் காணப்படுகின்றது. அத்தகைய கருவி கிட்டினும் கிட்டாவிடினும், ஓர் உயிர் எப்பொழுது அழைக்கின்றது, எப்பொழுது அஞ்சுகின்றது, எப்பொழுது எம்மை விட்டு விலக விரும்புகின்றது என்பவற்றை அறியும் ஆற்றல் இப்பொழுதே எம் கைக்கு வந்துகொண்டிருக்கின்றது. கடலிற் கப்பல் செல்லும் வழியையும், காட்டோரத்தில் வேலி அமையும் இடத்தையும் தீர்மானிப்போர் அவ்வறிவைப் பயன்படுத்துவரா என்பதே எஞ்சியுள்ள வினா. புலவன் 'கேட்பன போல' எனக் கருதி விலங்கிடம் பேசினான். விஞ்ஞானம் விலங்கு கேட்பதையும் விளிப்பதையும் நிறுவி வருகின்றது. இனிக் கேட்கவேண்டியவர் நாமே.